கோட்டுக்கு உள்ளே கடை, வெளியே வீடு: நெரிசல் கட்டணத்தை எதிர்த்துக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நகரின் மையப் பகுதியில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் கடையை நானும் என் தம்பியும் நடத்துகிறோம். மையப் பகுதிக்குள் வரும் வண்டிகளிடம் அடுத்த ஆண்டு முதல் நெரிசல் கட்டணம் வசூலிக்கப்போவதாக நகர நிர்வாகம் அறிவித்திருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு இரண்டு தெரு உள்ளே கடை. கோட்டுக்கு வெளியே வீடு. எங்கள் வேன் ஒரு நாளில் பலமுறை கோட்டைத் தாண்ட வேண்டும். தனியாக இருக்கும் அம்மாவின் வீடும் கோட்டுக்கு உள்ளேதான். வணிகர் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து ‘கட்டணம் வேண்டவே வேண்டாம்’ என்று கையெழுத்து வாங்குகின்றன. ஆனால் போக்குவரத்து நெரிசலால் தினமும் அவதிப்படுவதும் நாங்கள்தான். கையெழுத்துப் போடலாமா? கட்டணம் வந்தால் கடை தாக்குப்பிடிக்குமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மனு இப்போது இருக்கும் வடிவில் அதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. எதிர்ப்பே கூடாது என்று சொல்லவில்லை. போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் அதிகாரிகள் வரிசையில் உட்கார்ந்து, மக்கள் பேசுவதைக் குறிப்பெடுத்தவன் நான். ‘வேண்டவே வேண்டாம்’ என்று வரும் மனுக்களை எண்ணிப் பார்த்து ஒரு கோப்பில் சேர்ப்பார்கள். அதே கூட்டத்தில் ஒருவர் எழுந்து வந்து, “கோட்டை இந்த முனையில் போட்டால் சரக்கு வண்டி திரும்பவே இடமில்லை” என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால், அங்கே பேச்சு நின்றுவிடும். கோடு நகர்வது அப்படிப்பட்ட இடங்களில்தான். கோடு எங்கே விழுகிறது, எந்த நேரத்தில் வசூல், ஒரு நாளைக்கு எத்தனை முறை, வசூலான பணம் யாருக்கு என்ற விவரங்களில் உங்கள் பிழைப்பு அடங்கியிருக்கிறது. ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லில் இவை எதற்கும் இடமில்லை.

முழு எதிர்ப்பு வென்ற ஊர்கள் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2005 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 74 சதவீதம் பேர் கட்டணத்தை நிராகரித்தார்கள். மான்செஸ்டர் வட்டாரத்தில் 2008 டிசம்பரில் சுமார் 79 சதவீதம். பத்து உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. இரண்டு இடங்களிலும் திட்டம் அதோடு முடிந்தது. ஆனால் மான்செஸ்டரில் கட்டணத்தோடு சேர்த்து அரசு தருவதாக இருந்த பெருந்தொகையும் போய்விட்டது. டிராம் பாதைகளை நீட்டிக்க வேறு வழியில் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. உங்கள் சங்கத்தார் ஜெயித்தால் மறுநாள் என்ன செய்வதாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நெரிசல் அப்படியே இருக்கும். உங்கள் வேன் அதே சிக்னலில் அதே நேரம் நிற்கும்.

சங்கக் கூட்டத்தில் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய ஊர்கள் வேறு இரண்டு. இரண்டும் சுவீடனில் இருக்கின்றன.

ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை கட்டணத்தைச் சோதனையாக மட்டும் நடத்தினார்கள். தொடங்குவதற்கு முன் ஆதரவு சொற்பம். கடைக்காரர்களும் புறநகர்வாசிகளும் கொதித்துப்போயிருந்தார்கள். கட்டண எல்லையைத் தாண்டும் போக்குவரத்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆகஸ்டில் வசூல் நின்றதும் வண்டிகள் பெருமளவு திரும்பி வந்தன. இரண்டு நிலைமையையும் கண்ணால் பார்த்த பிறகு, செப்டம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். நகரத்துக்குள் சுமார் 53 சதவீதம் பேர் ஆதரவு. சுற்றியிருந்த நகராட்சிகள் தாமாக நடத்திய வாக்கெடுப்புகளில் எதிர்ப்பு மேலோங்கியது. அந்த முடிவுகள் எடுபடவில்லை. கோட்டுக்கு வெளியே குடியிருப்பவர் நீங்கள் என்பதால் இந்தக் கடைசிச் செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பு நடந்தால் அதில் யாருக்கு ஓட்டு என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

கோதன்பர்க் கதை எனக்கு வேதனை தருவது. அங்கே 2013 ஜனவரியில் சோதனை ஏதுமின்றி நேரடியாகக் கட்டணம் வந்தது. 2014 செப்டம்பரில் வாக்கெடுப்பு. சுமார் 57 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். ஆனாலும் வசூல் தொடர்ந்தது. கட்டண வருமானத்தை நம்பி ரயில் சுரங்கப்பாதை உள்ளிட்ட பெரிய திட்டங்களுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டாயிற்று. வாக்கெடுப்பும் ஆலோசனை கேட்பதற்கு மட்டுமே என்று சட்டம் சொன்னது. மக்கள் சொல்லியும் எடுபடாமல் போனதற்குக் காரணம், பணம் கைமாறிய பிறகு கேட்டதுதான். ஆகவே சங்கத்தின் முதல் கோரிக்கை இப்படி இருக்கட்டும்: முதலில் சோதனைக்காலம், அதன் அளவீடுகளைப் பொதுவில் வெளியிடுதல், பிறகு வாக்கெடுப்பு, அதுவரை இந்த வருமானத்தை ஈடுகாட்டி எந்தக் கடனும் வாங்கக் கூடாது.

இனி கடை தாக்குப்பிடிக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

லண்டனில் 2003 பிப்ரவரி 17 அன்று 5 பவுண்டு கட்டணத்துடன் இது தொடங்கியபோது, ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்த ஜான் லூயிஸ் கடை தன் விற்பனை சரிந்ததாகச் சொன்னது. பிறகு ஆய்வாளர்கள் அதன் கணக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்தக் கடையின் விற்பனையைக் கட்டணம் பாதித்தது உண்மை என்று தெரிந்தது. அதே ஆராய்ச்சியில், மத்திய லண்டனின் மொத்தச் சில்லறை வியாபாரத்தில் அப்படியொரு பாதிப்பு தென்படவில்லை. அந்த மாதங்களில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கு ஆட்களைக் கொண்டுவரும் சென்ட்ரல் லைன் சுரங்க ரயிலும், ஜனவரியில் நடந்த ஒரு விபத்தால் மூடிக்கிடந்தது. எதனால் எவ்வளவு நஷ்டம் என்று பிரித்தறிவதே பெரும்பாடு. ‘வியாபாரம் படுத்துவிடும்’ என்று சங்கம் சொல்வதும், ‘ஒன்றும் ஆகாது’ என்று நிர்வாகம் சொல்வதும், உங்கள் ஒரு கடையைப் பற்றி எதையும் சொல்லிவிடாது. பொதுவான சராசரியில் நஷ்டம் இல்லாவிட்டாலும் உங்கள் தெருவில் இருக்கலாம்; அதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்.

அதனால் நீங்களே எண்ணுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் எப்படி வந்தார்கள், எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். பில் தொகையையும் பக்கத்தில் குறியுங்கள். நடந்து, பஸ்ஸில், சைக்கிளில், காரில் என்று நான்கு கட்டம் போதும். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். விடுமுறை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிரிஸ்டல் நகரின் ஒரு கடைத்தெருவில் இப்படி எண்ணிப் பார்த்த கணக்கு 2006இல் வெளியானது. வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 22 சதவீதம்தான். காரில் வருகிறவர் கடை வாசலில் இடம் தேடுகிறார், நம்மிடம் குறைப்படுகிறார். அவர் முகம் மனதில் நிற்கிறது. நடந்து வருகிறவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். உங்கள் கடையில் கதை மாறலாம். ஒரு மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு யாரும் பஸ் ஏறுவதில்லை. எண்ணிய பிறகு காரில் வருபவர்களே பெரும்பான்மை என்று தெரிந்தால், அந்த நோட்டுதான் உங்கள் ஆயுதம். ஆயிரம் கையெழுத்துகளைவிட அதற்கு மதிப்பு அதிகம்; ஏனென்றால் அதை மறுக்க நிர்வாகத்திடம் எதிர்க்கணக்கு இருக்காது.

அடுத்தது வேன். உங்கள் தொழிலின் உயிர்நாடி அதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டணம் வாங்கும் முறைகள் பல. லண்டனில் ஒரு நாளைக்கு ஒரு முறை கட்டினால் போதும். எத்தனை தடவை போய் வந்தாலும் அதே தொகை. ஸ்டாக்ஹோமில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒவ்வொரு முறையும் நேரத்துக்குத் தக்கபடி 10 முதல் 20 குரோனா (சுவீடன் நாணயம்) வரை வாங்கினார்கள். ஆனால் ஒரு நாளைக்கு 60 குரோனாவுக்கு மேல் ஏறாது என்ற உச்சவரம்பு இருந்தது. உங்களைப் போல் கோட்டின் மேலேயே தொழில் செய்கிறவருக்கு, தாண்டும்போதெல்லாம் கட்டணம், உச்சவரம்பும் இல்லை என்ற முறைதான் ஆளைக் கொல்வது. அறிவிப்பில் எந்த முறை என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால், ‘நாளொன்றுக்கு ஒரு முறை, அல்லது உச்சவரம்பு’ என்பதை எழுத்தில் கேளுங்கள்.

வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதும் முக்கியம். 2025 ஜனவரி 5 அன்று நியூயார்க்கில் தொடங்கியபோது, நெரிசல் நேரத்தில் காருக்கும் சிறிய வேனுக்கும் 9 டாலர். சிறிய லாரி என்ற வகைக்குள் போனால் 14.40 டாலர். இத்தாலியின் மிலான் நகரம் 2012இல் ‘ஏரியா சி’ என்ற நெரிசல் கட்டணத் திட்டத்தைத் தொடங்கியபோது வேறு மாதிரி யோசித்தது: பொதுவான கட்டணம் 5 யூரோ, தொழில் நிமித்தம் வரும் சேவை வண்டிகளுக்கு 3 யூரோ. உங்கள் வேனின் எடையும் வகையும் பதிவுப் புத்தகத்தில் என்னவென்று இன்றே பாருங்கள். பழுதுபார்ப்பவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் கருவிப்பெட்டியோடு பஸ்ஸில் போக முடியாது. மிலானைக் காட்டிச் சேவை வண்டிக்குத் தனி விகிதம் கேட்பது முழு நியாயமான கோரிக்கை. உங்கள் மனுவில் சோதனைக்காலத்துக்கு அடுத்த வரியாக இருக்க வேண்டியது இதுதான்.

கணக்கின் மறுபக்கத்தையும் போடுங்கள். உங்கள் தம்பி ஒரு நாளில் எத்தனை வீடுகளுக்குப் போகிறார், அதில் எவ்வளவு நேரம் சாலையில் கழிகிறது? சாலை சற்று விட்டுக்கொடுத்து, நாளைக்கு ஒரு வீடு கூடுதலாகப் போக முடிந்தால், அந்த வருமானம் கட்டணத்தை ஈடுகட்டுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வண்டியும் மற்ற எல்லோருக்கும் ஏற்படுத்தும் தாமதத்துக்கு ஒரு விலை வைக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1950களிலேயே வாதாடினார். கட்டணத்தின் மூல நோக்கமே அதுதான். ஆனால் இந்த நேர லாபம் நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள். லண்டனில் முதல் ஆண்டில் எல்லைக்குள் நுழையும் வண்டிகள் சுமார் 18 சதவீதமும் தாமதம் சுமார் 30 சதவீதமும் குறைந்தன. சில ஆண்டுகளில் வண்டிகள் குறைவாகவே இருந்தும், சாலைத் தோண்டல்களாலும் மற்ற மாற்றங்களாலும் தாமதம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. கட்டணம் மட்டும் 2005இல் 8, 2011இல் 10, 2014இல் 11.50, 2020இல் 15 பவுண்டு என்று ஏறியது. அறிமுகத் தொகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை ஆண்டுக்கு உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் யார் அனுமதிக்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

கோட்டைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். எல்லைக்கோடு ஒரு சுற்றுச்சாலையில் அமைய வேண்டும். அந்தச் சுற்றுச்சாலையில் கட்டணம் இருக்கக் கூடாது. லண்டனின் உள்வட்டச் சாலையில் அப்படித்தான். உள்ளே வர விரும்பாதவர் அதில் திரும்பிப் போய்விடலாம். உங்கள் ஊரில் கோடு குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே ஓடுகிறதென்றால், கட்டணம் கட்ட மனமில்லாத ஒவ்வொருவரும் கோட்டுக்கு முந்தைய தெருவில் காரை நிறுத்திவிட்டு நடந்து போவார்கள். அது உங்கள் வீட்டு வாசல். கட்டணம் வருவதற்கு முன்பே அந்தத் தெருக்களில் குடியிருப்போருக்கு மட்டும் வண்டி நிறுத்த அனுமதி என்ற ஏற்பாடு வந்தாக வேண்டும்; அதற்கு அவர்களிடம் பணம் கேட்கக் கூடாது. கடை இரண்டு தெரு உள்ளே இருப்பதால், கோட்டை இரண்டு தெரு நகர்த்திச் சுற்றுச்சாலையோடு சேர்க்க முடியுமா என்று சங்கத்தோடு போய் வரைபடத்தைப் பாருங்கள். கேட்டால் நடக்காது என்று நினைக்க வேண்டாம். லண்டன் தன் கட்டணப் பகுதியை 2007 பிப்ரவரியில் மேற்கே விரித்தது. குடியிருப்போரும் வணிகர்களும் விடாமல் எதிர்த்ததில், 2010 முடிவோடு அந்த மேற்குப் பகுதியை எடுத்துவிட்டார்கள். மூலக் கட்டணம் நிற்க, கோடு மட்டும் பின்வாங்கியது. ஸ்டாக்ஹோமில் லிடிங்கோ என்ற தீவின் மக்கள் மற்ற இடங்களுக்குப் போகக் கட்டணப் பகுதியைக் கடந்தாக வேண்டும். அரை மணி நேரத்துக்குள் கடந்துபோனால் கட்டணம் இல்லை என்று விதியில் சேர்த்தார்கள்.

நேரமும் அப்படித்தான். சிங்கப்பூர் 1975 ஜூனில் உலகத்துக்கே முன்னோடியாக இதைத் தொடங்கியபோது, காலை 7.30 முதல் 9.30 வரைதான் கட்டணம். 9.30 ஆனதும் வண்டிகள் வெள்ளமாக நுழைந்தன. சில வாரங்களில் 10.15 வரை நீட்டினார்கள். நெரிசல் இல்லாத நேரத்துக்கும் கட்டணம் வாங்கும் திட்டம் நெரிசலுக்கான திட்டமே அல்ல, வருமானத்துக்கான திட்டம் என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். இரவு பத்து மணிக்குத் துப்புரவு வேலைக்கு வருகிறவரும், விடியுமுன் மருத்துவமனைப் பணிக்கு வருகிறவரும் எந்த நெரிசலையும் உண்டாக்கவில்லை. அந்நேரத்தில் அவர்களுக்குப் பஸ்ஸும் கிடையாது. அவர்களிடம் பணம் பறிப்பது அநீதி. உங்கள் தெருவில் அவர்களும் இருப்பார்கள். மனுவில் அவர்களுக்காகவும் ஒரு வரி சேருங்கள்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லண்டன் முதல் நாளிலேயே சுமார் 300 பஸ்களைக் கூடுதலாக இறக்கியது. ஸ்டாக்ஹோம் சோதனைக்குப் பல மாதம் முன்பே புதிய தடங்களைத் தொடங்கியது. ‘வருமானம் வந்ததும் பஸ் விடுகிறோம்’ என்று உங்கள் நிர்வாகம் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே திட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லலாம். பணத்துக்கும் அதே கண்டிப்பு தேவை: லண்டனில் நிகர வருமானத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாக்குறுதியாக அல்லாமல் விதியாக அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சங்கத்தில் யாராவது சொல்வார்கள். மிலானில் ஒரு வாகன நிறுத்துமிட உரிமையாளரின் முறையீட்டால் 2012 ஜூலையில் ‘ஏரியா சி’ நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் திரும்ப வந்துவிட்டது. வக்கீல் செலவுக்குப் பணம் திரட்டுவதற்கு முன் அதை நினைவில் வையுங்கள்.

ஆக, மனுவைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்: சோதனைக்காலம், சேவை வண்டிக்குத் தனி விகிதம், நாள் உச்சவரம்பு, சுற்றுச்சாலையில் கோடு, நெரிசல் நேரத்துக்கு மட்டும் வசூல், பஸ் முதலில். அதில் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். திருத்த மறுத்தால், உங்களைப் போன்ற சேவைத் தொழில்காரர்கள் சேர்ந்து தனியாக ஒரு மனு கொடுங்கள்.

அம்மாவின் விஷயம் தனி. உள்ளே குடியிருப்போருக்குச் சலுகை பெரும்பாலும் உண்டு. மிலானில் 2012இல் தொடங்கியபோது அவர்களுக்கு ஆண்டில் முதல் 40 நுழைவுகள் இலவசம், அதன் பிறகு 2 யூரோ என்று இருந்தது. ஆனால் அந்தச் சலுகை அவருடைய காருக்குத்தான். கார் இல்லாத முதியவருக்கு அதனால் பயனில்லை. அவரைப் பார்க்க வருகிற நீங்கள் முழுக் கட்டணம் கட்டுவீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் 2025 அக்டோபர் 29 முதல் வந்த தற்காலிகக் கட்டணத்தில் பராமரிப்பாளர்களுக்கு அனுமதிச்சீட்டு ஏற்பாடு இருக்கிறது. லண்டனில், பொதுப் போக்குவரத்தில் போக முடியாத அளவு உடல்நிலை பாதிக்கப்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போகும்போது கட்டும் தொகையை மருத்துவமனை வழியாகத் திரும்பப் பெறலாம். இந்த இரண்டும் உங்கள் ஊரிலும் வேண்டும் என்று கேளுங்கள். சம்பளம் வாங்கும் செவிலியருக்கு மட்டுமின்றி, கவனித்துக்கொள்ளும் மகளுக்கும் மகனுக்கும் அந்தச் சீட்டு கிடைக்க வேண்டும். இதைச் சங்கத்தின் மனுவில் கடைசி வரியாகச் சேர்க்காமல், அம்மாவின் பெயரில், அவர் கையெழுத்தோடு தனிக் கடிதமாகக் கருத்துக்கேட்புக் காலம் முடிவதற்குள் அனுப்புங்கள். கோட்டுக்கு உள்ளே குடியிருக்கும் வாக்காளர் அவர்தான்.